வெனிசுவேலாவைச் சாய்த்தது ஆட்சியா, தடையா? தேதி வாரியாகப் பேசுவோம்

கணக்கன்_கோவை:

2026 ஜனவரி 3 அதிகாலை அமெரிக்கப் படை வெனிசுவேலாவின் தலைநகர் கராகஸில் குண்டு போட்டு, ஜனாதிபதி மதுரோவையும் அவர் மனைவி சிலியா ஃப்ளோரஸையும் பிடித்துக்கொண்டு போய் நியூயார்க் நீதிமன்றத்தில் நிறுத்தியதிலிருந்து நம் பக்கம் ஓடும் சண்டைகளைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. ஒரு பக்கம் "சோசலிசம் வந்தால் இந்தக் கதிதான்", மறுபக்கம் "எண்ணெய்க்காக அமெரிக்கா ஒரு நாட்டையே பட்டினி போட்டது". இரண்டு தரப்புமே தேதி பார்க்காமல் பேசுகிறது. இந்த விஷயத்தில் எது முதலில் நடந்தது, எது பிறகு என்பதுதான் வழக்கே.

எண்ணெய் உற்பத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல், மதுரோவுக்கு முன்பு ஆண்ட இடதுசாரித் தலைவர் சாவேஸ் தேர்தலில் ஜெயித்தபோது ஒரு நாளைக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிதித்தடை வந்தபோது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியாகிவிட்டது. 2019 ஜனவரி 28 அன்று பெடெவெசா என்ற அரசு எண்ணெய் நிறுவனத்தின் மீதே தடை விழுந்தபோது ஏறக்குறைய 11 லட்சம். 2020 நடுவில் 4 லட்சத்துக்கும் கீழ். எண்ணெய்த் தடைக்கு முன்பே மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது, மிச்சத்தில் பெரும்பகுதியைத் தடை முடித்துவைத்தது.

ஜனங்கள் மாவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றது 2014, 15, 16இல். அங்கே பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் என்கோவி கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. 2017இல் எடை குறைந்துவிட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாக 11 கிலோ இழந்திருந்தார்கள். அந்த வருடங்களில் வெனிசுவேலா எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிய பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? அமெரிக்காதான்.

என் நிலைப்பாடு இதுதான்: பொருளாதாரத்தைச் சாய்த்தது கராகஸ் ஆட்சி, எழுந்திருக்க விடாமல் அமுக்கியது தடை, ஜனவரி 3 இந்த இரண்டுக்கும் மருந்தில்லை. மறுப்பவர்கள் தேதியோடு வாருங்கள்.

செம்பருத்தி:

தேதிதானே, தருகிறேன். நீங்கள் 1998இல் கதையை ஆரம்பிப்பதுதான் முதல் கோளாறு தோழர்.

1922இல் மரகைபோ ஏரிக்கரையில் கபிமாஸ் பக்கம் பரோசோ கிணறு பீய்ச்சி அடித்ததிலிருந்தே அந்த நாடு எண்ணெயில் மட்டும்தான் வாழ்கிறது. காபி, கோகோ விவசாயமெல்லாம் அப்போதே படுத்துவிட்டது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் ஓபெக் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பெரஸ் அல்ஃபோன்சோ, அவரே வெனிசுவேலாக்காரர், எண்ணெயைப் பிசாசின் மலம் என்றார். அவர் அதைச் சொன்னபோது சாவேஸ் அரசியலுக்கே வரவில்லை. 1976இல் எண்ணெயை தேசியமயமாக்கிய கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரஸ் ஒன்றும் சாவேஸ் கட்சிக்காரர் இல்லையே. 1983 பிப்ரவரி 18, அவர்கள் கருப்பு வெள்ளி என்று சொல்கிற நாளில், நாணயம் விழுந்தது. 1989 பிப்ரவரி 27இல் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளுக்காகப் பெட்ரோல் விலை ஏற, பஸ் கட்டணம் ஏற, குவாரெனாஸில் ஆரம்பித்த கலவரம் கராகஸ் முழுக்கப் பரவியது. ராணுவத்தை இறக்கிச் சுட்டார்கள். அரசுக் கணக்குப்படியே 270க்கு மேல் செத்தார்கள், உண்மை அதைவிட அதிகம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். சாவேஸ் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அந்தப் பிணங்களுக்கு நடுவிலிருந்துதான் வந்தார்.

அப்புறம் 2002 ஏப்ரல். சாவேஸ் ஆட்சியைக் கவிழ்த்து, வர்த்தக சபைத் தலைவர் கார்மோனா ஜனாதிபதியாகப் பதவியேற்று, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் ஒரே கையெழுத்தில் கலைத்தார். இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. அதே வருடக் கடைசியில் எண்ணெய் நிறுவன நிர்வாகமே வேலைநிறுத்தம் செய்து உற்பத்தியை நிறுத்தியது. இதையெல்லாம் தாண்டித்தான் சேரிகளுக்கு மருத்துவமனை போனது, 2003க்கும் 2011க்கும் நடுவில் வறுமை ஏறக்குறைய பாதியானது. இந்தப் பத்தியை விட்டுவிட்டு எழுதும் எந்த வரலாறும் பாதி வரலாறுதான்.

நாப்தா:

நான் சுத்திகரிப்பு ஆலைக்காரன், அரசியலை உங்களுக்கு விட்டுவிட்டுக் குழாய் பக்கம் வருகிறேன். 2002-03 வேலைநிறுத்தம் முடிந்ததும் பெடெவெசாவிலிருந்து 18,000 பேருக்கு மேல் நீக்கினார்கள். செம்பருத்தி இதைத் தொடவில்லை. அதில் அரசியல் செய்தவர்களும் இருந்தார்கள், சரி. ஆனால் நில அமைப்பு படித்தவர், கிணறு தோண்டுபவர், அழுத்தம் பார்ப்பவர் என்று முப்பது வருட அனுபவமெல்லாம் ஒரே மூச்சில் வெளியே போனது. கொலம்பியாவின் ரூபியாலெஸ் எண்ணெய் வயலை வளர்த்துப் பெரிதாக்கியவர்கள் பெடெவெசாவிலிருந்து போனவர்கள்தான். கனடாவின் ஆல்பெர்ட்டாவுக்கும் நிறையப் பேர் போனார்கள். மரகைபோ ஏரி மாதிரி பழைய வயலில் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு. எதற்கு நீராவி செலுத்தணும், எதற்கு வாயு ஏற்றணும், எதை எவ்வளவு திறக்கணும் என்பதெல்லாம் காகிதத்தில் முழுசாக இருக்காது.

விலை நூறு டாலருக்கு மேல் இருந்த காலத்தில் இந்த ஓட்டை தெரியவில்லை. பராமரிப்புக்குப் போக வேண்டிய காசை உணவு இறக்குமதிக்கும் வீடு கட்டுவதற்கும் நிறுவனத்தின் கல்லாவிலிருந்தே எடுத்தார்கள். 2017 நவம்பரில் பெடெவெசாவுக்குத் தலைவராக வந்தவர் தேசியக் காவல்படை ஜெனரல் கெவெடோ, எண்ணெய்த் தொழிலே தெரியாதவர். அதற்குப் பிறகு மிச்சமிருந்த ஆட்களும் வேலைக்கு வருவதை நிறுத்தினார்கள். சம்பளம் பஸ்ஸுக்கே காணவில்லை.

வடசென்னை_மணி:

ஒரு சந்தேகம் அண்ணே. உலகத்திலேயே அதிக எண்ணெய் இருப்பு அங்கேதான், 30,000 கோடி பீப்பாய்க்கு மேல் என்கிறார்கள். சவூதியைவிட அதிகம். அப்புறம் எப்படி பெட்ரோல் பங்கில் நாள் கணக்கில் வரிசை? 2020 மே மாதம் ஈரானிலிருந்து கப்பலில் பெட்ரோல் வந்து இறங்கியதாகச் செய்தி படித்தது ஞாபகம் இருக்கிறது. இருப்பு கணக்கே பொய்யா?

நாப்தா:

பொய் இல்லை மணி, ஆனால் அந்த எண்ணெய் எப்படிப்பட்டது என்று பார்க்கணும். அதில் பெரும்பங்கு ஒரினோகோ ஆற்றுப் படுகையில் இருக்கிற மிகக் கனமான எண்ணெய். ஏபிஐ என்ற எண்ணெய் அளவுகோலில் எண் குறையக் குறையக் கனம் கூடும்; இது 8, 10 என்று வரும், அதாவது தண்ணீர் அளவுக்குக் கனம். கிணற்றிலிருந்து மேலே வந்ததும் ஆறிவிட்டால் தார் மாதிரி நிற்கும், குழாயில் ஓடாது. ஓட வைக்க நாப்தா மாதிரி லேசான எண்ணெய் கலக்கணும், இல்லையென்றால் ஹோசே துறைமுகத்தில் இருக்கிற தரமேற்றும் ஆலைகளுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து இலேசாக்கணும். அந்த ஆலைகளை அந்நிய நிறுவனங்களோடு கூட்டாகக் கட்டினார்கள். 2007இல் அரசு பெரும்பான்மைப் பங்கு கேட்டபோது எக்ஸானும் கொனோகோபிலிப்ஸும் விட்டுவிட்டுப் போனார்கள், பெரிய அமெரிக்க நிறுவனங்களில் ஷெவ்ரான் மட்டும் இருந்துகொண்டது.

கலப்பதற்கான நாப்தா அமெரிக்க வளைகுடாக் கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2019 ஜனவரித் தடையோடு அது நின்றது. ரிலையன்ஸும் அனுப்பிக்கொண்டிருந்த கலவை எண்ணெயை நிறுத்தியது. கலக்க ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை, தொட்டி நிரம்புகிறது, கிணற்றை மூடுகிறார்கள். இந்த மாதிரிக் கிணற்றை மூடினால் திரும்பத் திறப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் 2019க்குப் பிந்தைய சரிவில் தடையின் கை இருப்பது அப்பட்டம், அதை மறுப்பவர் ஆலைக்குள் காலே வைக்காதவர். உள்ளூர்ப் பெட்ரோலோ, அவர்களுடைய சுத்திகரிப்பு ஆலைகள் அதற்கு முன்பே பழுதாகி நின்றதால் போனது.

கணக்கன்_கோவை:

நாப்தா சார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கணும். எண்ணெய் விழுந்ததற்கும் ஜனங்கள் பட்டினி கிடந்ததற்கும் நடுவில் இருந்தது டாலர் விநியோகம். 2003இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அரசு நிர்ணயித்த விலையில் டாலர் வேண்டுமென்றால் காடிவி என்ற அலுவலகத்தில் கையெழுத்து வாங்கணும். 2013இல் அரசு விலை ஒரு டாலருக்கு 6.30 பொலிவார். வருடக் கடைசியில் வெளிச்சந்தையில் அது சுமார் பத்து மடங்கு. அப்படியென்றால் கையெழுத்து வாங்கியவன் பொருள் இறக்குமதி செய்யவே வேண்டாம். செய்ததாகக் காகிதம் காட்டி டாலரை வாங்கி வெளியே விற்றால் போதும். எந்தத் தொழில் செய்தாலும் அந்த லாபம் வராது. 2012இல் கொடுத்த டாலரில் 1,500 கோடி முதல் 2,000 கோடி வரை இப்படிப் போலிக் கம்பெனிகளுக்குப் போயிருக்கலாம் என்று சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, 2013இல் மதுரோ அரசின் மத்திய வங்கித் தலைவராக இருந்த எட்மே பெதன்கோர்ட்.

உள்ளே விலைக்கட்டுப்பாடு. சோள மாவை உற்பத்திச் செலவுக்கும் கீழே விற்கச் சொன்னால் மில்காரன் எத்தனை நாள் அரைப்பான்? 2010இல் விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்ற அக்ரோஇஸ்லேன்யா என்ற கம்பெனியை அரசு எடுத்துக்கொண்டது. விவசாயிக்குக் கடனாகப் பொருள் கொடுத்து அறுவடையில் வாங்கிக்கொண்ட கம்பெனி அது. அரசு கைக்குப் போன சில வருடங்களில் விதைப்புக் காலத்தில் விதை கிடைக்கவில்லை. இந்தச் சறுக்கலுக்கு வாஷிங்டன் என்ன செய்தது, சொல்லுங்கள்.

2014இல் எண்ணெய் விலை சரிந்ததும் பற்றாக்குறைக்கு நோட்டடித்தார்கள். 2018 ஒரே வருடப் பணவீக்கம் மத்திய வங்கியின் கணக்கிலேயே 1,30,000 சதவீதம். 2008இல் 3, 2018இல் 5, 2021இல் 6 என்று மொத்தம் 14 பூஜ்யங்களை நாணயத்திலிருந்து வெட்டினார்கள்.

தேன்மொழி_போகொட்டா:

நான் கொலம்பியாவில் வேலை பார்க்கிறேன், இங்கே எல்லோருக்கும் ஒரு வெனிசுவேலா நண்பராவது இருப்பார். நாட்டை விட்டுப் போனவர்கள் 77 லட்சத்துக்கு மேல், அதில் கொலம்பியாவில் மட்டும் ஏறக்குறைய 28 லட்சம்.

நீங்கள் பேசும் பூஜ்யத்தை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். குகுதா எல்லைப் பாலத்தருகே பொலிவார் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பர்ஸும் கைப்பையும் பின்னி விற்பார்கள். ஒரு கைப்பைக்கு நூற்றுக்கணக்கில் நோட்டு போகும். அத்தனை நோட்டுக்கும் அவர்கள் ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்காது, பையாக விற்றால் கிடைக்கும். பின்னிக்கொண்டிருந்த பெண் மடிப்பு கலையாமல் இருக்க நகத்தால் அழுத்தி அழுத்தி விடுவார். ஒவ்வொரு கட்டத்திலும் விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் முகம் பாதியாகத் தெரியும். அங்கிருந்து பம்ப்ளோனா வழியாகப் பெர்லின் மலைமேட்டைக் குழந்தையோடு நடந்தே கடப்பார்கள், 3,000 மீட்டருக்கு மேல், கடும் குளிர்.

என் அலுவலகத் தோழி மரகைபோக்காரி. அவளிடம் "சோசலிசமா, தடையா" என்று கேட்டால் கோபம் வரும். 2019 மார்ச் 7இல் குரி அணையிலிருந்து வரும் மின்சாரம் நின்று நாடே இருண்டபோது மரகைபோவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, 40 டிகிரி வெயில், அவள் அம்மாவின் இன்சுலினை வைக்க ஐஸ் தேடி அலைந்திருக்கிறாள். அரசு அமெரிக்கச் சதி என்றது. அதற்குப் பல வருடம் முன்பிருந்தே தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்ததை அவளிடம் யார் மறைக்க முடியும்? அதே சமயம் தடை போட்டால் மதுரோ விழுந்துவிடுவார் என்று அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவர்கள் மீதும் அவளுக்கு அதே கோபம். மதுரோ மேஜையில் ஒரு தட்டும் குறையவில்லை.

செம்பருத்தி:

தேன்மொழி, உங்கள் தோழியின் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் தடையை "அமுக்கியது" என்று கணக்கன் லேசாகச் சொல்வதை ஏற்க மாட்டேன். 2019இல் எதிர்க்கட்சித் தலைவர் குவைடோவை ஜனாதிபதித் தேர்தலே இல்லாமல் ஜனாதிபதி என்று 50க்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றன. இங்கிலாந்து வங்கியில் இருந்த 31 டன் தங்கத்தைக் கொடுக்கவில்லை. கொரோனா காலத்தில் மருந்துக்கு என்று கேட்டபோதும் கிடைக்கவில்லை. தடையால் 2017-18இல் மட்டும் 40,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று வைஸ்பிராட், சாக்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2019இல் எழுதினார்கள். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை இது. குழி பறித்தவனை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் அடிக்கிறீர்கள்.

கணக்கன்_கோவை:

அந்த 40,000 பற்றிய வாதம் எனக்குத் தெரியும். ஒரே வருடத்தின் இறப்பு உயர்வு முழுவதையும் தடையின் தலையில் கட்டுகிறது, கொலம்பியாவின் உற்பத்தியோடு ஒப்பிட்டுத்தான் கணக்குப் போடுகிறது. தடையை எதிர்ப்பவர்களிலேயே பலர் அந்த எண்ணை ஏற்கவில்லை. எண் தப்பு என்பதால் தடை சரியாகிவிடாது. பெட்ரோல் இல்லாமல் ஆம்புலன்ஸ் ஓடாது, டீசல் இல்லாமல் அரிசி லாரி ஓடாது. ஒரு நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் என்றால், அதை நிறுத்துவது ஆட்சியை மட்டும் அடிக்கும் என்று சொல்பவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், இல்லை மனசு இல்லாதவர். இதில் நமக்குள் சண்டை இல்லை.

வடசென்னை_மணி:

அப்போ ஜனவரி 3? என் நண்பர்கள் பாதிப் பேர் "கொடுங்கோலனைத் தூக்கினார்கள், நல்லதுதானே" என்கிறார்கள்.

தேன்மொழி_போகொட்டா:

அன்று இங்கே போகொட்டாவிலும் மற்ற ஊர்களிலும் வெனிசுவேலாக்காரர்கள் தெருவில் ஆடினார்கள். அதைக் கொச்சைப்படுத்த மாட்டேன், பத்து வருட வலி அது. ஆனால் அவர்கள் ஆடியது எதற்கு, கிடைத்தது எது என்று பார்க்கணும்.

2024 ஜூலை 28இல் தேர்தல் நடந்தது. தேர்தல் ஆணையம் மதுரோவுக்கு 51 சதவீதம் என்றது, வாக்குச்சாவடி வாரியாக ஒரு தாளும் காட்டவில்லை. எதிர்க்கட்சித் தொண்டர்கள் ஒவ்வொரு சாவடியிலும் இயந்திரம் அச்சடித்துக் கொடுத்த முடிவுத் தாளைப் பத்திரப்படுத்தி, 80 சதவீதத்துக்கு மேற்பட்ட தாள்களை இணையத்தில் ஏற்றினார்கள். அதன்படி எதிர்க்கட்சி வேட்பாளர் எட்முண்டோ கொன்சாலஸுக்கு சுமார் 67 சதவீதம். அந்தத் தாளை ஒளித்துக்கொண்டு வந்ததற்காகவே பலர் சிறைக்குப் போனார்கள். வெளிநாட்டில் இருக்கிற லட்சக்கணக்கானவர்களில் வாக்களிக்கப் பதிவு செய்ய முடிந்தவர்கள் 69,000 பேர்தான். என் தோழி தூதரகத்துக்குப் போய் எந்தக் காகிதம் காட்டியும் நடக்கவில்லை.

அவ்வளவு பாடுபட்டு வாங்கிய வாக்கு. மதுரோ அதைத் திருடினார். ஜனவரி 3க்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் யார்? கொன்சாலஸா? மதுரோவின் துணை ஜனாதிபதி டெல்சி ரோட்ரிகஸ். அப்போது அதே காவல்துறை, பெரும்பாலும் அதே ராணுவத் தளபதிகள். நோபல் வாங்கிய எதிர்க்கட்சித் தலைவர் மச்சாடோவுக்கு நாட்டுக்குள் ஆதரவு இல்லை என்று டிரம்ப் அன்றைக்கே கையை விரித்தார். அப்படியானால் அந்த 67 சதவீதம் யாருடைய ஆதரவு?

செம்பருத்தி:

இங்கே நான் தேன்மொழியோடு நிற்கிறேன். மதுரோ 2024 தேர்தலில் செய்தது திருட்டு, இடதுசாரிகள் அதைச் சொல்லத் தயங்கக் கூடாது, இடதுசாரி ஜனாதிபதிகளான கொலம்பியாவின் பெட்ரோவும் பிரேசிலின் லூலாவுமே அப்போது தாளைக் காட்டு என்றார்கள். ஆனால் தேர்தலைத் திருடியவனைப் பிடிக்க வந்தவன் முதல் வாரத்திலேயே பேசியது தேர்தலையா? 3 கோடி முதல் 5 கோடி பீப்பாய் எண்ணெயை நாங்கள் எடுத்து விற்று, அந்தப் பணத்தை நாங்களே வைத்து நிர்வகிப்போம் என்றது வாஷிங்டன். அதற்கு முன்பே போதைப்பொருள் கடத்துவதாகச் சொல்லிக் கடலில் படகுகள் மீது குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், ஒருவர் மீதும் விசாரணை இல்லை.

"எங்கள் எண்ணெயைத் திருடினார்கள்" என்கிறார் டிரம்ப். பூமிக்கடியில் இருக்கும் கனிமம் குடியரசுக்குச் சொந்தம் என்று சிமோன் பொலிவார் 1829இல் கீட்டோவில் போட்ட ஆணை இருக்கிறது. 1976 தேசியமயத்துக்கு நஷ்ட ஈடும் கொடுத்தார்கள்.

நாப்தா:

1976 சரி. 2007க்கு நஷ்ட ஈடு பாக்கி, கொனோகோவுக்கு மட்டும் 2019இல் நடுவர் மன்றம் 870 கோடி டாலர் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு வழக்கும் தீர்ப்பும் இருக்கிறது, போர்க்கப்பல் தேவையில்லை. அந்தக் கடன்காரர்களுக்காகத்தான் அமெரிக்காவில் இருக்கிற பெடெவெசாவின் சிட்கோ ஆலைகளை எலியட் என்ற அமெரிக்க முதலீட்டுக் குழுமத்தின் நிறுவனத்துக்கு விற்க டெலவேர் நீதிமன்றம் 2025 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. வெனிசுவேலாவின் கனமான எண்ணெய்க்கென்றே தயாராக இருந்த ஆலைகள் அவை.

நம் பக்கமும் கொஞ்சம் காசு மாட்டியிருக்கிறது. நம் அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் அங்கே சான் கிறிஸ்டோபல் வயலில் 2008இல் 40 சதவீதம் எடுத்தது, லாபப் பங்கு வருடக்கணக்கில் நிலுவை. ரிலையன்ஸின் ஜாம்நகர் ஆலைக்கு இந்தக் கனமான எண்ணெய் மலிவாகக் கிடைத்தால் லாபம். இந்தியா ஜனவரி 3 பற்றிப் பேசிய அளவான வார்த்தைகளுக்குப் பின்னால் இதுவும் உண்டு என்பது என் எண்ணம்.

மணி, நீ கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன். இதனால் இங்கே பெட்ரோல் விலை இறங்காது. 2025 கடைசியில் அங்கே ஒரு நாளைக்கு வந்தது சுமார் 10 லட்சம் பீப்பாய், உலகத் தேவையில் ஏறக்குறைய ஒரு சதவீதம். பழைய 30 லட்சத்துக்குக் கொண்டுபோகப் பல ஆயிரம் கோடி டாலரும் பல வருடமும் வேண்டும். அந்தப் பணத்தைப் போடுபவன் முதலில் கேட்பது கையெழுத்துப் போடும் அரசு நாளைக்கும் இருக்குமா என்றுதான்.

கணக்கன்_கோவை:

நான் பார்க்கப்போவது இரண்டு விஷயம். எண்ணெய் விற்ற பணம் யார் பார்வைக்கு உட்பட்ட கணக்கில் விழுகிறது, அதைக் கேள்வி கேட்கும் அதிகாரம் வெனிசுவேலாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட யாருக்காவது இருக்கிறதா. காடிவி காலத்தில் கையெழுத்து ஒரு கராகஸ் அலுவலகத்தில் இருந்தது, யாரும் கேட்க முடியவில்லை. இப்போது அது வாஷிங்டனுக்குப் போயிருக்கிறது, இப்போதும் யாரும் கேட்க முடியவில்லை.

தேன்மொழி_போகொட்டா:

என் தோழியின் அப்பா எண்ணெய்க் கம்பெனியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஓய்வூதியம் குறைந்தபட்சக் கூலியோடு கட்டப்பட்டது, அது 2022 மார்ச்சிலிருந்து மாதம் 130 பொலிவார். அப்போது சுமார் 30 டாலர், 2025 கடைசியில் ஒரு டாலருக்கும் கீழே. அதற்கு மேல் போனஸ் என்று கொஞ்சம் கொடுக்கிறார்கள், மிச்சத்துக்கு இவள் அனுப்பணும். போன வாரம் பேசும்போது அவர் கேட்டது எண்ணெய்ச் சட்டம் பற்றியோ டிரம்ப் பற்றியோ இல்லை. தேர்தல் எப்போது, அதற்குள் உன் பெயரைத் தூதரகத்தில் பதிய விடுவார்களா என்று கேட்டார். தேர்தல் தேதியை டெல்சியும் சொல்லவில்லை, வாஷிங்டனும் சொல்லவில்லை. போகொட்டாவில் பதிவு திறந்தால் இங்கேயே எழுதுகிறேன்.